ஸ்லோ நிற்காத வண்டி

9-1-90, செவ்வாய்

இன்றைக்கும் ஆஃப். எஸ்டேட் பஸ் ஸ்டாண்ட் திருப்பத்தில் ஆக்சிலேட்டரை விட்டேனோ இல்லையோ, வண்டி செத்துவிட்டது. பின்னால் லாரிக்காரன் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னா நைனா, நடுரோட்ல தூக்கமா? தள்ளிகினு போயேன்" என்கிறான். உதைத்து உதைத்து முட்டி விண்விண்ணென்று தெறிக்கிறது. ஷிப்டுக்கு லேட். சூப்பர்வைசர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைத்தான் பார்த்தார்.

ஓடும்போது ஒரு குறையும் இல்லை. நின்றால்தான் உயிர் போகிறது. என்ன எழவு வியாதியோ.

காலை ஷிப்டுக்கு அண்ணன் இதே வண்டியில்தான் போய் வருகிறார். அவர் கொண்டுவந்து விட்டதும் மத்தியான ஷிப்டுக்கு நான். இரண்டு பேரும் சேர்ந்து வாங்கியது. இதற்காகவே அவரவர் கம்பெனியில் கெஞ்சி, ஷிப்ட் மாறாமல் வைத்துக்கொண்டிருக்கிறோம். "உனக்கும் ஆஃப் ஆகுதாண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். கேட்க மாட்டேன்.

11-1-90

ஏன் கேட்க வேண்டும்? முகப்பேரில் அவருக்கு ஹவுசிங் போர்டு வீடு கிடைத்தது. சந்தோஷம். அதை என்னிடம் சொன்னது யார்? சலூன்காரர்! பாதி முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருக்கிறேன், "உங்க அண்ணாத்தே முகப்பேர் போறாராமே, நீ போவலியா?" என்கிறார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரே வீடு, நடுவில் ஒரு சுவர். சுவரைத் தாண்டி வந்து தம்பியிடம் சொல்ல வாய் வரவில்லையா?

தீபாவளியிலிருந்து பேச்சில்லை. என் பெண்டாட்டி சுசீலாவும் நாகவல்லி அண்ணியும் எப்போதும்போல் குழம்புக் கிண்ணம் மாற்றிக்கொள்கிறார்கள். கோபமெல்லாம் ஆம்பிளைகளுக்குத்தான் போலிருக்கிறது.

13-1-90, போகி

லீவு. வாசலில் சாக்கை விரித்துக் கார்புரேட்டரைக் கழற்றினேன். தொட்டியின் அடியில் ஒரு சிட்டிகை மண். பெட்ரோலில் அலசி, ஜெட் ஓட்டைகளை வாயால் ஊதி — நாக்கெல்லாம் எரிச்சல் — மாட்டி உதைத்தேன். ஆக்சிலேட்டரை விட்டாலும் எஞ்சின் அணையாமல் பார்த்துக்கொள்ளும் ஸ்லோ ஸ்குருவைக் கொஞ்சம் ஏற்றியதும் அழகாக நின்றது. கையை எடுத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். டப்டப்டப் என்று தன்பாட்டுக்கு ஓடுகிறது.

அண்ணன் வந்தார். சாக்கைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனார். "இன்னாடா பண்றே" என்றுகூடக் கேட்கவில்லை. போகட்டும். யாருக்கு வேண்டும்?

17-1-90

மறுபடி ஆஃப்.

19-1-90

சுலைமான் பாய் கடைக்குக் கொண்டுபோனேன். எங்கள் ஏரியாவில் இவரை விட்டால் வேறு மெக்கானிக் எனக்குத் தெரியாது. பிளக் பார்த்தார், ஏர் இழுக்கிறதா என்று ரப்பரைப் பார்த்தார், ஸ்லோவை ஏற்றி வைத்தார்.

"வண்டில ஒண்ணியும் இல்ல நைனா. ஸ்லோ ஸ்குருதான் எறங்கிகினே கீது. தானா எறங்குதா, எவனாச்சும் எறக்குறானா?"

"எவன் எறக்குவான் பாய்?"

"அத்த நீதான் பாக்கணும்" என்று ஸ்குரு தலையில் ஒரு சொட்டு சிவப்புப் பெயிண்ட் வைத்து அனுப்பினார்.

20-1-90

பெயிண்ட் பிளந்திருக்கிறது. திருப்புளி வைத்துத் திருகிய கீறல் பளிச்சென்று தெரிகிறது.

அண்ணன்தான். வேறு யார்? வேணும்னே பண்றான். நான் நடுரோட்டுல மாட்டிகினு முழிக்கணும், லாரிக்காரன் கிட்டல்லாம் பேச்சு வாங்கணும், அதானே? நல்லா இருப்பா எத்திராஜு, நல்லா இரு! நான் இன்னாடா பண்ணேன் உனக்கு?

அவன் இவன் என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்த மனசில்லை, அப்படியே இருக்கட்டும்.

நானும் ஏற்றி வைத்தேன். வேண்டியதற்கு மேல் இரண்டு சுற்று. திங்கட்கிழமை காலையில் தெருவே எழுந்து உட்காரட்டும்.

22-1-90, திங்கள்

விடியலில் வண்டி காட்டுக்கத்தல் கத்தியது. தெரு எழுந்ததோ என்னவோ, என் பெண் எழுந்துகொண்டு வீல் வீல் என்று அழுதாள். அண்ணன் சட்டென்று ஆஃப் செய்து, வண்டியைத் தெருமுனைவரை தள்ளிக்கொண்டே போன சத்தம் கேட்டது.

சுசீலா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பிடித்துக்கொண்டாள். "நீ ஏத்தி வச்சியா? நல்லா வச்ச போ. நீ ராத்திரி வந்து பட்துத் தூங்கற, கொயந்த இப்பத்தான் ஒயுங்கா தூங்குது, வண்டி சத்தத்துல எயுந்துக்கப் போவுதுன்னு மாமா தெனிக்கும் கம்மி பண்ணிகினு போறாரு. அக்கா சொல்லிச்சு. வழியில அவுருக்குந்தான் ஆஃப் ஆவுதாம், ஒதைச்சிகினு போறாராம்."

"இத்த ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீ எங்க கேட்ட? அவுரு பேர எடுத்தாலே எயுந்து வெளிய போற."

சரி. ஆனால் வீட்டு விஷயத்தைச் சொல்லாதது சரியா? அது வேறு, இது வேறு. எதையாவது கழற்றினால் தேவலை என்றிருக்கிறது. கழற்ற ஒன்றுமில்லை.

1-2-90, வியாழன்

அண்ணன் வீடு மாறிவிட்டார். டெம்போவில் சாமான் ஏற்றினோம். பீரோவின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான். "மெதுவா" என்றார். என்னிடம் சொன்னாரா, பீரோவிடம் சொன்னாரா தெரியவில்லை.

கிளம்பும்போது அண்ணி வண்டிச் சாவியைக் கையில் வைத்தார். "நீயே வச்சிக்கணுமாம். அவருக்கு அங்கேர்ந்து பஸ் கீது. ஊடு கெடைச்சத உன்கிட்ட எப்டி சொல்றதுன்னு தெரியாம தவிச்சிகினு கெடந்தாருடா. சொன்னா நீ அயுவியாம்."

அழுவேனா? நானா? "போய்ட்டு வாண்ணே" என்று சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. டெம்போ திரும்பும்வரை வாசலில் நின்றதுதான் மிச்சம். பாவி.

3-2-90

வண்டி நிற்கிறது. எஸ்டேட் திருப்பத்தில் லாரி, பஸ் எல்லாம் போகும்வரை ஸ்லோவிலேயே நின்றேன். ஆஃப் ஆகவில்லை. இறக்குவதற்கு ஆளில்லையே, எப்படி ஆகும்? ஹெல்மெட் இல்லாமல் அழுதால் ரோடே பார்க்கிறது.

4-2-90, ஞாயிறு

முகப்பேர் போனேன். அவர்கள் பிளாக்குக்கு ஒரு தெரு முன்னாலேயே வண்டியை ஓரங்கட்டி, திருப்புளி எடுத்து, ஸ்லோ ஸ்குருவை நன்றாக இறக்கினேன். வாசலில் போய் ஆக்சிலேட்டரை விட்டதும் சொன்ன பேச்சுக் கேட்டு ஆஃப் ஆனது.

அண்ணன் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார்.

"ஸ்லோ நிக்க மாட்டேங்குதுண்ணே" என்றேன். மூன்று மாதம் கழித்து முதல் பேச்சு, அதுவும் பொய்.

குந்தி உட்கார்ந்து ஸ்குருவைத் தடவிப் பார்த்தார். "யார்ரா இத்த இவ்ளோ எறக்கனது?"

அவர் நிமிர்ந்தார். திருப்புளி என் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்தது. உருவி எடுத்துக்கொண்டார். சரி, திருகப் போகிறார் என்று நான் வண்டியைப் பிடித்தேன்.

"வுடுடா. இப்ப சரி பண்ணா நீ கெளம்பிடுவ. மேல வா."

சாப்பிட்டுவிட்டு பஸ்ஸில்தான் வந்தேன். வண்டி அங்கே நிற்கிறது. நாளைக் காலை ஷிப்டுக்கு அண்ணன் எடுத்துப் போய், மத்தியானம் என் கம்பெனி வாசலில் கொண்டுவந்து கொடுப்பார்.