காணாமல் போன திரை

மயிலாப்பூர், 1943

தியேட்டர் முதலாளி அவர்களுக்கு,

தியேட்டரை மறுபடி திறப்பதாகவும், விளக்கேற்ற நான் வர வேண்டுமென்றும் சேலத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். என்ன பெருந்தன்மை.

போன வருஷம் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே காலியானபோது, படம் காட்டும் மிஷினைக் காரில் ஏற்றி, வீட்டிலிருந்த கம்பளிகளையெல்லாம் அதற்குச் சுற்றிக்கொண்டு போனீர்கள். மசக்கையோடு வாசலில் நின்ற என்னிடம் மீன்காரி செங்கேணி, "இன்னாம்மா, மிஷினு போவுது, நீ இங்கியே நிக்கிற?" என்றாள். காரில் இடமில்லை என்றேன்.

மிஷினில் ஒரு கீறல்கூட இல்லையாமே. அதையே விளக்கேற்றச் சொல்லுங்கள்.

ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் தொங்கிய திரை எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். செங்கேணிதான் கழற்றிக்கொண்டு வந்தாள். அடைமழையில் பிறந்த உங்கள் மகளுக்குப் போர்த்த வீட்டில் கம்பளி இல்லை.

இப்படிக்கு,
காரில் இடம் கிடைக்காதவள்