சத்தம் போடாத கீபோர்ட்

என் பாசமுள்ள, சொல்வழி கேளாத யூட் அண்ணாவுக்கு,

நீ ஓடர் பண்ணிய கீபோர்ட் வந்துவிட்டது. நீ போய் ஒன்பதாம் நாள் கொரியர்காரன் கீழே தெருவில் நின்று உன் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டான். சமைத்துக்கொண்டிருந்த அம்மா கரண்டியோடு பல்கனிக்கு ஓடினார். யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்கத்தான் ஓடினேன் என்று பிறகு சொன்னார். நான் நம்பவில்லை.

பெட்டியை என் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பிறகுதான் திறக்க மனம் வந்தது. கறுப்பு நிறம், பேக்கரியில் வாங்கும் அரை றாத்தல் பாண் அளவு. நம்பர் பக்கம் இல்லை, அம்புக்குறிகள் இல்லை. நீ இருந்திருந்தால் பாதியை யாரோ வெட்டி எடுத்துவிட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்று உன்னைச் சீண்டியிருப்பேன். கேம் விளையாட மௌஸ் ஓட்ட இடம் வேண்டும், உனக்கு விளங்காது என்று நீ எரிந்து விழுந்திருப்பாய். மாதா சுரூபத்தோடும் மெழுகுதிரியோடும் நீ பங்குபோட்ட அந்தச் சின்ன மேசையில் இப்போது உண்மையாகவே இடம் இருக்கிறது.

சொருகிப் பார்த்தேன். பச்சையும் ஊதாவுமாக விளக்குகள் ஓடின. ஒவ்வொரு கீயாக அமத்தினேன். ஒன்றிலும் சத்தம் இல்லை. நீ கேட்டு வாங்கியது அப்படித்தானே. இல்லை, பொய் எழுதுகிறேன். கேட்டது நான்.

அந்த ஞாயிறு உனக்கு நினைவிருக்கிறதா?

"அண்ணா, உன்ர தடதடப்பில அம்மாவுக்கு மத்தியானம் ஒரு கண் நித்திரை இல்லை. விடிய நாலரைக்கு எழும்புற மனுசி. கொஞ்சமாவது யோசிச்சனியே?"

"சரி, கத்தாதை. சத்தமில்லாத ஒண்டு எடுக்கிறன். உன்ர காதுக்கு என்ர காணிக்கை."

பழையதை அன்றைக்கே உன் மொறிசியஸ் நண்பன் கெவினுக்குக் கொடுத்தாய். அவன் அதையும் கட்டிக்கொண்டு வேலைக்காக ஜெனோவாவுக்குக் கப்பல் ஏறினான். நாலு நாள் கழித்து ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரை ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவப் போன நீ திரும்பி வரவில்லை. நசுங்கிப்போன உன் ஸ்கூட்டரை மட்டும் யாரோ கொண்டுவந்து விட்டார்கள். அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன்.

அம்மா நித்திரை கொள்வதில்லை. தன் இத்தாலிய எசமானி சின்யோராவின் வீட்டு வேலை முடிந்து வந்து வழமைபோல இரண்டு மணிக்குப் படுக்கிறார், முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். இரவிலும் அதே கதைதான். டொக்டர் தந்த குளிசை சரிவரவில்லை. போன கிழமை சின்யோரா வீட்டில் ஜன்னல் துடைக்கும்போது தலை சுற்றி ஸ்டூலிலிருந்து விழுந்துவிட்டார். மணிக்கட்டு வீங்கிக் கிடக்கிறது. சின்யோரா நல்ல மனுசிதான். ஆனாலும் இப்படியே போனால் வேறு ஆள் பார்க்க வேண்டிவரும் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அந்த வேலை போனால் இங்கே இருக்கத் தந்த அனுமதியை, பெர்மெசோவை, எதைக் காட்டிப் புதுப்பிக்கிறது? அதுகூடப் பரவாயில்லை. உன்னைக் கொண்டுபோன மாதிரி அம்மாவையும் கொண்டுபோனால் நான் எங்கே போவேன், அண்ணா? எனக்குப் பயமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

முந்தநாள் அம்மாவின் பக்கத்தில் போய் இருந்தேன்.

"இப்ப வீடு அமைதியாத்தானே கிடக்கு அம்மா. கொஞ்சம் கண்ணை மூடுங்கோவன்."

"அமைதியாக் கிடக்கிறதாலதான் பிள்ளை ஏலாமல் இருக்கு."

"என்னம்மா சொல்லுறீங்கள்?"

"அவன் தட்டுற சத்தம் கேட்டா, பிள்ளை வீட்டை நிக்கிறான் எண்டு தெரியும். அதோட கண் அயர்ந்திடும். எத்தினை வருசமா அப்பிடித்தான்."

அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அம்மாவுக்காகச் சண்டை பிடித்தவள் நான். என் வாயில் அடிக்க வேண்டும்.

உடனே கெவினுக்கு அழைத்தேன். பழையதன் மேல் கோப்பி ஊற்றுப்பட்டுவிட்டதாம், எறிந்துவிட்டானாம். அவனைக் கண்டபடி ஏசினேன். பாவம், அவன் இத்தாலியனில் மன்னிப்புக் கேட்டு அழுதான். பிறகு உன் புதுக் கீபோர்டையும் குப்பையில் போடலாம் என்று பெட்டியை இழுத்தேன். அடியில் சின்ன இடுக்கி ஒன்றும் ஒரு தாளும் இருந்தன. கீக்குக் கீழே இருக்கும் சுவிட்சுகளைக் கழற்றி வேறு போடலாம் என்று அதில் படம் கீறியிருந்தார்கள்.

நேற்று பொலிதேயாமா பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போய், ஆகவும் சத்தம் கூடிய சுவிட்ச் எது என்று கேட்டேன். வீட்டில் வேறு ஆட்கள் இல்லையா என்று கடைக்காரப் பெண் சிரித்தாள். இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. பின்னேரம் முழுக்க இருந்து அறுபத்தொரு சுவிட்சையும் பிடுங்கி, அவள் தந்த சத்தம் கூடிய நீலச் சுவிட்சுகளைச் செருகினேன். இரண்டின் கால்களை வளைத்துவிட்டேன், நிமிர்த்திப் போட்டேன். நீ பார்த்திருந்தால் என்னை மேசைக்குக் கிட்டவும் விட்டிருக்கமாட்டாய்.

இன்றைக்கு இரண்டு மணிக்கு அம்மா படுத்ததும் உன் கதிரையில் இருந்தேன். உன் விளையாட்டைத் திறக்கப் பாஸ்வேர்ட் தெரியாது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வேறு என்னத்தைத் தட்டுவது? உனக்குக் கடிதம் எழுதத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

"பிள்ளை."

"என்னம்மா?"

"அவன் இப்பிடித் தட்டமாட்டான். கோவத்தில தட்டுவான்."

என் கை நின்றுவிட்டது. 

"நிப்பாட்டாதை," என்றார் அம்மா.

அதன் பிறகு கோபத்தோடுதான் தட்டுகிறேன். கோபம் வேறு யார்மேல், உன்மேல்தான். நான் சொன்ன ஒன்றையும் வாழ்க்கையில் கேட்காதவன் நீ. ஸ்கூட்டரை மெல்ல ஓட்டு என்றேன், கேட்டாயா? மழை நாளில் போகாதே என்றேன், கேட்டாயா? அந்த ஒரு ஞாயிறு மட்டும் ஏன் அண்ணா என் சொல்லைக் கேட்டாய்?

அம்மாவின் மூச்சுக் கனத்துக் கேட்கிறது. மெல்லக் குறட்டையும் வருகிறது. எழுத ஒன்றும் வராத இடத்தில் சும்மா எழுத்துகளைத் தட்டிவிட்டுப் பிறகு அழித்தேன். மற்றப் பிழைகளைப் பின்னால் போய்த் திருத்த இதில் அம்புக்குறியும் இல்லை. விரல் நுனி எல்லாம் நோகிறது. மணி மூன்றே கால். நான் நிறுத்தினால் அம்மா எழும்பிவிடுவார்.

இனி ஒரு நாளும் உன்னைச் சத்தம் போடாதே என்று சொல்லமாட்டேன், அண்ணா. மேசையில் இருக்கிற மாதாவின் மேல் சத்தியம்.

உன் வாய்க்காரத் தங்கச்சி,
டிலானி