குச்சி அணைந்தால் சுத்தமா?

8 ஜூன் 1976, செவ்வாய்

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எங்கள் வெல்டிங் பட்டறையில் எட்டிப் பார்த்தேன். மாமல்லபுரம் டாக்ஸிக்காரர் சதாசிவத்தின் பெட்ரோல் டேங்க் ஒழுகுகிறதாம். அதைக் கழற்றி வைத்து, அதன் வாயில் தீக்குச்சியைக் கிழித்து நீட்டுகிறார் என் வீட்டுக்காரர் நூர்முகமது! வழக்கமாக, ஆவி வெளியேறத் தண்ணீர் நிரப்பித்தான் வெல்டிங் வைப்பார். கிணறு வறண்டதும் குச்சிப் பரீட்சை.

“பாத்தியா? அணைஞ்சிச்சி. உள்ள ஒன்னியும் இல்ல.”

போன வருஷம் பக்கத்து ஊர்ப் பட்டறைக்காரர் இதே குச்சியை நம்பித்தான் உயிரை விட்டார். நான் போட்ட கூச்சலில் இவர் வேலையை நிறுத்தினார். ஒழுகும் இடத்தில் தற்காலிகமாகச் சோப்பைத் தேய்த்து அடைத்துக்கொண்டு சதாசிவம் போனார்.

9 ஜூன்

அவர் பேசவில்லை. நானும்தான்.

13 ஜூன், ஞாயிறு

கொல்லைப்புறத்தில் பால் பவுடர் டின்னை வைத்துச் செய்து காட்டினேன். சில சொட்டு பெட்ரோல், ஓட்டையில் குச்சி — மூடி பறந்தது. அடுத்து நிறையவே ஊற்றினேன். குச்சி அணைந்தது.

“சுத்தமாங்க?” என்றேன். மூடியைத் திறந்து விசிறிவிட்டு மறுபடி நீட்டினேன். படார்! ஆவி மிஞ்சிப்போனாலும் குச்சி அணையும். காற்று புகுந்ததும் வெடிக்கும். முகம் மாறிவிட்டது அவருக்கு.

அத்தோடு விட்டிருக்கலாம். செங்கல்வராயன் சோடா கம்பெனியில் சைக்கிள் டியூபில் பிடித்து வந்த கரியமில வாயுவை டின்னில் விட்டு, “இனி வெடிக்காது” என்றேன். வெடித்தது. சின்னதாகத்தான். ஆனாலும் வெடித்ததே!

“டீச்சரம்மா, உன் கேஸும் பேஜாரா பூட்ச்சே!”

அடுப்படிக்குப் போய் அழுதேன். வேதியியல் படித்து என்ன கிழித்தேன்?

14 ஜூன்

பழைய பாடப்புத்தகத்தில் விடை கிடைத்துவிட்டது. ஆவி குறைந்தாலும் எரியாது, மிஞ்சினாலும் எரியாது. நடுவில் ஓர் இடைவெளியில்தான் எரியும். எரியாத வாயுவைச் சேர்க்கச் சேர்க்க அந்த இடைவெளி குறுகும். ஒரு கட்டத்தில் இரண்டு முனையும் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு எவ்வளவு ஆவி இருந்தாலும் எரியாது. பெட்ரோலுக்கு டின்னில் மூன்றில் ஒரு பங்காவது கரியமில வாயு வேண்டும். நான் விட்டது பத்தில் ஒன்று தேறுமா? இடைவெளி குறுகியதே தவிர மூடவில்லை. வாயுவின் மேல் தப்பில்லை. என் கை கஞ்சம்.

20 ஜூன், ஞாயிறு

இந்த முறை லாரி டியூப். பெட்ரோல் ஊற்றிய டின் நிரம்பி வழிய வாயுவை விட்டேன். குச்சியை அவர் கையில் கொடுத்தேன். அணைந்தது. அவரே விசிறினார், மறுபடி கிழித்தார். ஊஹும். பத்துக் குச்சி தீர்ந்தது. மூடி அசையவில்லை.

“சரி” என்றார். அவ்வளவுதான் சொன்னார். சோறு மட்டும் இரண்டு தட்டு இறங்கியது.

28 ஜூன், திங்கள்

பத்தாம் வகுப்பு நடக்கும்போது பியூன் கூப்பிட்டார். கேட்டில் கிரீஸ் லுங்கியோடு அவர்! கல்யாணமாகி ஆறு வருஷத்தில் பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்ததே இல்லை. ஜன்னலெல்லாம் பெண்கள் தலை.

“சதாசிவம் டேங்கோட வந்துகீறாரு. சோடா கம்பெனி சிலிண்டரும் வாங்கியாந்துட்டேன். எவ்ளோ நேரம் வுடணும்?”

“குழாய் அடிவரைக்கும் போகணும். வாய் வழியா வழியிற வரைக்கும் விடுங்க. வெல்டிங் முடியிற மட்டும் நிறுத்தக்கூடாது.”

“நீயும் வந்துடு. நீ சொன்னாத்தான் பத்த வெப்பேன்.”

மத்தியானம் லீவு போட்டேன். மூன்று மணிக்கு டேங்க் ஒட்டி முடிந்தது. லீவு லெட்டரில் ‘கணவருக்கு என் உதவி தேவை’ என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத் தலைமையாசிரியை பிரபாவதி சாயங்காலம் வீட்டுக்கே ஓடி வந்துவிட்டார்.

“சாருக்கு என்னம்மா ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல மேடம். முழுசா இருக்கார்.”