மூன்றாவது பேட்டரி

என் சண்டைக்கார அண்ணனுக்கு,

உன் படகு மறுபடியும் கடலுக்குப் போகப்போகிறது. மதினியின் தம்பி சேவியர்தான் ஓட்டப்போகிறான். எனக்குத் துளியும் இஷ்டமில்லை. ஆனால் அந்த வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே, நான் என்ன சொல்ல முடியும்?

போன ஞாயிற்றுக்கிழமை மதினி சேவியரையும் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்கே வந்துவிட்டாள். காப்பியைக்கூடத் தொடவில்லை. "நீதான பிள்ளைகளுக்குக் கரண்டு பாடம் நடத்துத. படகுக்கு எத்தனை பேட்டரி வேணும்னு சொல்லு. வாங்கிட்டுப் போயிருதோம்" என்றாள்.

கணக்குப் போட்டேன். விளக்கு எவ்வளவு இழுக்கும், வயர்லெஸ் எவ்வளவு இழுக்கும், மீன் கூட்டத்தைக் காட்டும் அந்தக் கருவி எவ்வளவு என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். "இன்ஜின் ஸ்டார்ட் பண்ண ஒண்ணு, மத்ததுக்கெல்லாம் சேத்து ஒண்ணு. ரெண்டு போதும் மதினி."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "ஒங்க அண்ணனுக்கும் ரெண்டுதான இருந்துது?"

வகுப்பில் எந்தக் கேள்விக்கும் அசராதவள் நான். அன்றைக்குக் கணக்குப் போட்ட தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

உனக்கும் இரண்டு போதும்தான் அண்ணே. கோயில் திருவிழாவுக்குப் படகுகளைக் கரையில் நிறுத்தி சீரியல் பல்பு கட்டுவது நம் ஊரில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் உன் படகுதான் கரையிலேயே அதிகமாக ஜொலிக்க வேண்டும் என்று உனக்கு ஒரு வீம்பு. ஜெனரேட்டர் வயர் உன் படகுவரை எட்டவில்லை என்றதும், இரண்டு பேட்டரியையும் சேர்த்துக் கட்டி விடிய விடிய எரியவிட்டாய். மாப்பிள்ளை மாதிரி அதன் பக்கத்தில் நின்று போட்டோ வேறு எடுத்து எனக்கு அனுப்பினாய்.

திருவிழா மறுநாள் நம் ஊரில் யார் கடலுக்குப் போவார்கள்? நீ போனாய். போட்டுவிட்டு வந்த வலை வீணாகிவிடும் என்று, தூங்குகிற யாரையும் எழுப்பாமல் தனியாகவே போனாய். மிச்சமிருந்த சார்ஜில் இன்ஜின் எப்படியோ கிளம்பிவிட்டது. வலைக்குப் பக்கத்தில் நிறுத்திய பிறகு அது மறுபடி கிளம்பவில்லை. காற்றும் எழும்பிவிட்டது. வீட்டு வயர்லெஸ்ஸில் மதினி கடைசியாகக் கேட்டது, "பேட்டரி எறங்கிட்டு. பயப்படாத, பொறவு பேசுதேன்" என்பதுதான்.

தேடிப் போனவர்கள் படகை இழுத்து வந்தார்கள். உன்னை அலைதான் கொண்டுவந்து போட்டது. பொழுது சாய்ந்த பிறகும் நீ உயிரோடு இருந்தாயா அண்ணே? கூடங்குளத்து அணு உலையின் விளக்குகள் அங்கிருந்து உன் கண்ணுக்குத் தெரிந்தனவா?

மதினி நாலு வாங்கலாம் என்றாள். ஆறு என்றாள். சேவியர் தலையில் கை வைத்துக்கொண்டான். "யக்கா, அம்புட்டையும் ஏத்துனா படகு அமுங்கிரும்லா. வலையையும் ஐசையும் எங்கன வைக்க?" அவன் சொல்வதும் நியாயம். இருவரும் என் வாயைப் பார்த்தார்கள். எத்தனை பேட்டரி என்றால் அவன் திரும்பி வருவான் என்று நான் எப்படிச் சொல்வேன்?

கடைசியில் மதினிதான் முடிவு செய்தாள். "மூணு வாங்கு. மூணாவதுல ஒரு பல்புகூட எரியக் கூடாது. அவன் என்கிட்ட பேசுததுக்கு மட்டும் அது."

நானே போய் வாங்கிக் கொடுத்தேன். பஸ்ஸில் ஏற்றிவிட்டபோது அவள் அந்த மூன்றாவதை மட்டும் மடியில் வைத்துக்கொண்டாள். அவ்வளவு கனத்தை எப்படித்தான் தாங்கினாளோ. நான் வீட்டுக்கு வந்து மறுபடியும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு போதும் என்றுதான் வருகிறது. எத்தனை தடவை போட்டாலும் அப்படித்தான் வருகிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை சேவியர் போகிறான். கடலையும் காற்றையும் பற்றி உனக்கு வாக்குக் கொடுக்க எனக்குத் திராணி இல்லை. என்னால் முடிந்தது ஒன்றுதான். இந்தத் திருவிழாவுக்கு நான் ஊருக்கு வந்து, ராத்திரி முழுக்க உன் படகுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். கரை முழுக்க ஜொலிக்கட்டும். நம் படகு மட்டும் இருட்டில் நிற்கும். நீ கோபித்துக்கொண்டாலும் சரி.

உன்னிடம் இன்னும் சண்டை போட்டு முடிக்காத தங்கச்சி,
ஜெசிந்தா