உட்கார ஓர் இடம்

22 ஜூலை 2024, திங்கள்

ஆடித் தள்ளுபடி தொடங்கியதிலிருந்து என் கால் என் பேச்சைக் கேட்பதில்லை. காலையில் செருப்புக்குள் நுழைகிற கால், ராத்திரி நுழையமாட்டேன் என்று வீங்கி நிற்கிறது.

இன்று அபிராமத்திலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம். அவர்கள் மெத்தையில் சாய்ந்துகொண்டு பட்டு பட்டாகப் பிரிக்கச் சொன்னார்கள். காபி குடித்தார்கள். ஒன்றும் எடுக்காமல் எழுந்து போனார்கள். எல்லாவற்றையும் மடித்து முடித்து ராக்கில் லேசாகத்தான் சாய்ந்தேன். உடனே மைக்கில் மேனேஜர் வீரமணியின் குரல்: "பட்டு செக்சன், அங்கன என்ன சாய்மானம்?" கேமராவைப் பார்க்கத்தான் அந்த ஆளுக்குச் சம்பளம்.

வேலைக்காரி உட்கார்ந்தால் கடையில் லட்சுமி தங்க மாட்டாளாம். முதலாளி வாயாலேயே சொன்னது. கல்லாவுக்கு மேலே அவர் மாட்டியிருக்கிற லட்சுமி உட்கார்ந்துதான் இருக்கிறாள்.

ஒரு நாளில் எனக்கென்று இருக்கிற ஒரே இடம் பஸ்ஸில்தான். காட்டன் செக்சன் வதனாக்கா மண்டபம் அகதி கேம்ப் வாசலில் ஏறும்போதே பக்கத்து இடத்தில் பையை வைத்துவிடுவாள். உச்சிப்புளியில் நான் ஏறியதும் பையை மடிக்கு எடுத்துக்கொண்டு, "ஜோதி, இங்க வந்து இரு" என்பாள். இத்தனை வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை. ராமநாதபுரம் வரை கண்ணை மூடிக்கொண்டு வருவேன்.

26 ஜூலை

பஸ்ஸில் வதனாக்கா ஒரு தாளை நீட்டினாள். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டமே இருக்கிறதாம். அவள் மகன் தனுசன் போனில் பார்த்துச் சொன்னானாம். தொழிலாளர் அலுவலகத்துக்கு மனு. கீழே 'செ. சந்திரவதனா' என்று போட்டுவிட்டு, எனக்கும் இடம் விட்டிருந்தாள்.

"தள்ளுபடி முடியட்டும்க்கா, பாப்போம்" என்றேன்.

என்னைப் பார்த்தாள். மடித்து உள்ளே வைத்தாள். "சரி, நான் மட்டும் போடுறன்."

"கேம்ப்ல இருந்துக்கிட்டு உங்களுக்கு எதுக்குக்கா இந்த வம்பு?"

"ஏன், கேம்பில இருக்கிற ஆக்களுக்குக் கால் நோகாதோ?"

சேலையைக் கொஞ்சம் தூக்கினால் அவள் கெண்டைக்காலில் நரம்பு கயிறு கயிறாகத் தெரியும். எனக்கும் அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறது.

8 ஆகஸ்ட்

இன்ஸ்பெக்டர் அம்மா வந்துவிட்டார்கள். செக்சன் செக்சனாக நின்று, "நீங்க எங்கம்மா உட்காருவீங்க?" என்று கேட்டார்கள். ஒருத்தி வாயைத் திறக்கவில்லை. நான் பிரித்த சேலையையே திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன். வதனாக்கா மட்டும், "இருக்கிறதுக்கு இங்க ஒண்டும் இல்லை அம்மா. காலமை வந்தா ராவு வரைக்கும் நிக்கிறதுதான்" என்றாள்.

நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள். எல்லாருக்கும் நாற்காலி போட வேண்டும், ஏன் போடவில்லை என்று பதிலும் எழுதித் தர வேண்டும். வாங்கும்போது முதலாளி சிரித்துக்கொண்டே வாங்கினார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

9 ஆகஸ்ட்

வதனாக்காவைக் கடைக்குள்ளேயே விடவில்லை. வாசலில் வைத்தே "இனி வர வேணாம்" என்று அனுப்பிவிட்டார்கள். நான் உள்ளே போய்விட்டேன்.

14 ஆகஸ்ட்

நாற்காலி வாங்கிப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே? முதலாளிக்கு என்ன கேடு? போன மாதம்தான் வாசலுக்குக் கண்ணாடிக் கதவு மாற்றினார். ஆனால் ரோஷமாம். "ஒரு கேம்ப் பொம்பள மனுப் போட்டு என் கடையில நான் சேர் போடணுமா?" என்று கத்தினாராம். நோட்டீஸை எதிர்த்து மேல் அதிகாரியிடம் போகிறார். கடையில் எப்போதும் நாற்காலி இருந்தது, வேலையை விட்டு நிறுத்திய ஆத்திரத்தில் அவள் பொய் மனு கொடுத்தாள் என்று எழுதியிருக்கிறார்கள். அடப் பாவிகளா! மனுவுக்குப் பிறகுதானே நிறுத்தினீர்கள்!

இன்று கடை திறப்பதற்கு முன்னால் ஒரு வேன் நிறையச் சிவப்பு நாற்காலி வந்து இறங்கியது. செக்சனுக்கு நாலைந்து போட்டு, "உக்காருங்க, போட்டோ எடுக்கணும்" என்றார் வீரமணி. உட்கார்ந்தோம். அந்தத் தளத்தில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் எங்கள் செக்சன் முருகலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளைப் பார்த்து எனக்கு. அப்புறம் எல்லாருக்கும். எத்தனை தடவை அதட்டியும் அடங்கவில்லை.

"ஏத்தா, உங்க மூஞ்சியே வேணாம். அந்தப் பக்கமாத் திரும்பி உக்காருங்க" என்று முதுகுப் பக்கமாக எடுத்தார் வீரமணி.

எழுந்திருக்கும்போது முருகலட்சுமி என்னை இடித்தாள். நாற்காலி முதுகில் மஞ்சள் பெயிண்டில் 'பாக்கர் பந்தல்' என்று கொட்டை எழுத்து. ஊரில் எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் நாம் உட்காருகிற நாற்காலி.

"சொல்லிருவமா?" என்றாள்.

"மூடிக்கிட்டு இரு" என்றேன்.

சாப்பாட்டு நேரத்துக்குள் நாற்காலிகள் வந்த வேனிலேயே திரும்பிப் போய்விட்டன.

20 ஆகஸ்ட்

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

கடையில் எப்போதும் நாற்காலி இருந்தது என்று எழுதிய தாளில் எல்லாரும்தான் போட்டார்கள். போடாதவள் நாளைக்கு வர வேண்டாம் என்றார் வீரமணி. என் வீட்டுக்காரர் லாரியிலிருந்து விழுந்து இடுப்பு போனதிலிருந்து வீட்டில் உலை வைப்பது என் சம்பளத்தில்தான். மகள் பிளஸ் டூ. நான் என்ன செய்ய? அந்தக்கா மனுப் போடுறதுக்கு முன்னாடி என்னைப் பத்தி யோசிச்சாளா? யோசிச்சா. இடம் விட்டிருந்தாள்ல!

விசாரணைக்கும் என்னைத்தான் கூட்டிப்போகப் போகிறார்கள். "நீதான் பதறாமப் பேசுவ" என்றார் வீரமணி. பாராட்டாம்.

12 செப்டம்பர்

தலை வலிக்கிறது. எழுதிவிட்டால் தூக்கம் வருமோ என்று பார்க்கிறேன்.

அதிகாரிக்கு முன்னால் இந்தப் பக்கம் முதலாளியின் வக்கீல், வீரமணி, நான். அந்தப் பக்கம் வதனாக்கா தனியாக. "எல்லாரும் உட்காருங்க" என்றார் அதிகாரி. வதனாக்கா உட்கார்ந்தாள். நான், "பரவால்ல சார்" என்று நின்றுகொண்டே இருந்தேன். சே, என்ன பழக்கம் இது.

"இது உங்க கையெழுத்துதானாம்மா?"

"ஆமா சார்."

"கடையில உங்களுக்கு நாற்காலி எப்பவுமே இருந்துச்சா?"

வதனாக்கா என்னை முறைக்கவில்லை. பஸ்ஸில் பையை எடுத்துவிட்டுப் பார்ப்பாளே, அப்படித்தான் பார்த்தாள்.

"இருந்துச்சு சார்" என்றேன்.

அவள் குனிந்துகொண்டாள். அதிகாரி போட்டோவை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"இதெல்லாம் கடைக்குச் சொந்தமான சேரா?"

"ஆமா சார். ரொம்ப நாளாவே இருக்கு" என்றார் வக்கீல்.

"பின்னாடி பாக்கர் பந்தல்னு போட்டிருக்கே? போன மாசம் எங்க வீட்டுக் காதுகுத்துக்கு நானே இந்தச் சேர்லதான்யா உக்காந்திருந்தேன்!"

டீ கொண்டுவந்தவர் சிரித்துவிட்டார். வீரமணி வெளிறிப்போய்ச் சுவரைப் பார்த்தார். அதிகாரி போட்டோவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். "நீங்க போகலாம்மா" என்று மட்டும் சொன்னார். செருப்பால் அடித்திருக்கலாம்.

என் பொய் அவர்களுக்கும் உதவவில்லை. சொல்லாமல் இருந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். இருந்தும் சொன்னேன்.

30 செப்டம்பர்

நோட்டீஸ் செல்லும் என்று உத்தரவு வந்துவிட்டது. வதனாக்காவை வேலையை விட்டு நிறுத்தியது தனி வழக்காம். அதற்கு அவள் இனி தனியாக அலைய வேண்டும்.

4 அக்டோபர்

நாற்காலி வந்துவிட்டது. நீல நிறம். இந்தத் தடவை முதுகில் எந்தப் பெயரும் இல்லை. நான் போய்ப் பார்த்தேன்.

21 அக்டோபர்

தீபாவளிக் கூட்டம். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. முண்டியடித்து ஏறினால், வதனாக்கா! எப்போதும் உட்காருகிற அதே ஜன்னலோரம். அரண்மனைப் பக்கம் ஒரு மருந்துக் கடையில் சேர்ந்திருக்கிறாளாம், முருகலட்சுமி நேற்றுத்தான் சொன்னாள். பக்கத்து இடத்தில் பை இருந்தது. அதே பச்சைப் பை.

பக்கத்தில் போய்க் கம்பியைப் பிடித்து நின்றேன். "அக்கா" என்றேன். காதில் விழுந்திருக்கும். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நிறுத்தத்தில் மீன் கூடையோடு ஒரு அம்மா ஏறினாள். வதனாக்கா பையை மடிக்கு எடுத்துக்கொண்டு, "இங்க வந்து இருங்கோ" என்றாள். அந்த அம்மா என்னை இடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். ராமநாதபுரம் வரை நின்றுகொண்டே போனேன்.

கடைக்குப் போனதும் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். வீரமணி கேமராவில் பார்த்திருப்பார். மைக்கில் ஒன்றும் சொல்லவில்லை.