போன வருஷத்து அட்டை

பாப்பாவின் அப்பாவுக்கு,

சாமியே இல்லை என்று சொல்லிவிட்டு நீங்கள் திருப்பூருக்குப் போய்விட்டீர்கள். நடக்க முடியாத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் அரும்பாவூர் பஸ் ஏறுவது நான்தான்.

புது வருஷ ஆராதனையில் எல்லோரும் இந்த வருஷத்துக்கு ஆண்டவர் தரும் வாக்கு என்று வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டையை ஆளுக்கொன்றாக எடுத்தார்கள். போதகர் என்னிடமும் தட்டை நீட்டினார்.

"எனக்கு வேணாங்கய்யா."

"விசுவாசம் போயிடுச்சாம்மா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வருஷம் நான் எடுத்த அட்டையைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். குணமாக்குவேன் என்று அதில் இருந்தது.

"இதையே இன்னும் செய்யல. மொதல்ல இதைச் செய்யச் சொல்லுங்க. அதுவரைக்கும் வாராவாரம் வந்து கேப்பேன்."

எனக்கும் சாமிமேல் கோபம்தான். அதை நேரில் சொல்லத்தான் கோயிலுக்குப் போகிறேன். உங்களைப் போல ஓடவில்லை.

பிள்ளைக்கு ஒன்பது வயதாகிறது. ஒற்றை ஆளாகத் தூக்க முடியவில்லை. வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா