நான்காம் வார்த்தையின் மிச்சம்

பொழிச்சலூர்

அன்பு மகள் அபிகாயிலுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் தயவால் நான் வேளைக்குத் தின்று நலமாக இருக்கிறேன், நீயும் ஹைஃபாவில் நீ பார்த்துக்கொள்ளும் ரிவ்கா அம்மாளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். போனில் பேசினால் பக்கத்தில் அம்மா இருப்பாள், அதனால் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். முதலில் என் மானம் போன கதையைக் கேள். பெரிய வெள்ளி ஆராதனையில் சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேர் பேசுவார்கள் அல்லவா, நான்காம் வார்த்தைக்கு வைத்திருந்தவருக்குக் காய்ச்சல், ஆயர் என்னைப் பிடித்துவிட்டார். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பில் போட்டவன் பீடத்தில் ஏறிக் கண்ணாடியை மாட்டினால் முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் வாயை மூடுகிறார்கள். அவசரத்தில் நான் எடுத்துப் போனது அம்மாவின் கண்ணாடி, ரோஸ் பிரேம், ஓரத்தில் கல் வேறு! வீட்டில் பக்கத்து வீட்டு எல்லம்மா செல்போனில் அம்மாவுக்கு ஆராதனையைக் காட்டிக்கொண்டிருந்தாள், நான் வந்ததும், "இன்னா சார், அக்கா கண்ணாடிய மாட்டிக்கினு மேடமாட்டம் நின்னியே, அக்கா சிரிச்ச சிரிப்புல இருமல் வந்து பேஜாராப் பூடுச்சு" என்றாள்.

பேசியதெல்லாம் நீ சொல்லிக் கொடுத்ததுதான். ஏன் என்னைக் கைவிட்டீர் என்று இயேசு சிலுவையில் கதறியது புதிதாகச் சொன்ன வார்த்தை இல்லை, யூத வீட்டுப் பிள்ளையாக அவர் சிறுவயதில் மனப்பாடம் செய்த சங்கீதத்தின் முதல் அடி, முதல் அடியைச் சொன்னால் முழுப் பாட்டையும் சொன்னதாக எங்கள் யூத ஆட்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று ரிவ்கா அம்மாள் சொன்னாரே, அதை அப்படியே சொன்னேன். நம் பாடகர் குழுவிலும் கீர்த்தனைக்கு முதல் அடிதானே பெயர் என்றேன். முந்தின இரவு அவர் சீஷர்களோடு சாப்பிட்டது பஸ்கா விருந்து, அதற்கு வீட்டில் புளித்த மாவே இருக்கக் கூடாதாம், நம் வீடுகளில் தேடினால் கிரைண்டரையே தூக்கிப் போட வேண்டியிருக்கும் என்றதும் துக்க நாளிலும் சிரித்துவிட்டார்கள். அந்தப் பாட்டு அழுகையில் தொடங்கித் துதியில் முடிகிறது, ஆகவே அவர் கைவிடப்படவில்லை என்று முடிக்கும்போது தலைக்கு மேலே ஒரு விமானம் போனது, பாதி பேருக்குக் கேட்டிருக்காது. ஆனாலும் வாசலில் கையைப் பிடித்து, ரொம்ப ஆறுதலா இருந்துச்சு அண்ணா என்றார்கள், நானும் பெரிய வேத பண்டிதர் மாதிரித் தலையாட்டினேன்.

அம்மாவுக்கு இனி ஊசி வேண்டாம் என்று டாக்டர் போன வாரம் சொல்லிவிட்டார். நான் அதை நல்ல சேதி போலச் சொன்னேன், ஊசிக்குப் பயந்தவள், சந்தோஷப்பட்டாள். கிறிஸ்துமஸுக்கு நீ லீவில் வருவதாக எல்லம்மாவிடம் தினமும் சொல்கிறாள். பெரிய வெள்ளியன்று எல்லம்மா போனபின் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு என்னைப் பார்த்து, நல்லாத்தான் பேசினீங்க, ஆனா கடைசி அடி வரைக்கும் பாட சிலுவையில அவருக்கு மூச்சு இருந்துச்சாங்க என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியைக் கேட்க மூன்று இடத்தில் நிறுத்தினாள். கஞ்சி ஆறிப்போகுது, முதல்ல குடி என்றேன்.

ரிவ்கா அம்மாளைத் தூக்கும்போது இடுப்பைப் பார்த்துக்கொள், அவரிடம் என் பிரசங்கக் கூத்தைச் சொல், சிரிக்கட்டும். சாயங்காலம் மறக்காமல் போன் செய், அம்மா ஒன்றும் பேசாவிட்டாலும் நீ பேசிக்கொண்டே இரு. நீ இருக்கிற இடத்தில் கர்த்தர் உன் பக்கத்தில் இருக்கட்டும்.

உன் அப்பா,
பொன்னுசாமி

பி.கு. அம்மாவிடம் நான் வாய்விட்டுச் சொல்லாத பதில், இல்லை என்பதுதான். அவருக்கு முதல் அடிக்குத்தான் மூச்சு இருந்தது. அம்மாவுக்குக் கிறிஸ்துமஸ் வரை இல்லை.